ஹெஸ்லப் பண்ணை எலிகளும் அம்மாவின் மூன்றாவது ஸ்கோப்பும்

என் அம்மாவின் துப்பாக்கிக்கு, இருட்டில் குறிபார்க்கும் ஸ்கோப் ஒன்று வாங்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தில் நான் துருக்கியை நடந்தே கடந்திருப்பேன். நான்கு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு அக்டோபர் முதல் வாரம் இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். பெற்ற மகளை முதுகுப் பையை இறக்கக்கூட அம்மா விடவில்லை.

"நல்ல வேளை வந்தே பெத். இந்த மெனு, செட்டிங் கருமாந்திரமெல்லாம் உனக்குத்தான் தெரியும். உக்காரு."

அம்மாவின் பெயர் கிளெண்டா ஸ்டோபர்ட். அறுபத்தொரு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. தினமும் இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிறவள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பள்ளியின் குப்பைத் தொட்டிகளில் எலி ஏறியது. மதிலுக்கு அந்தப் பக்கம் டக்ளஸ் ஹெஸ்லப்பின் கோழிப் பண்ணை. சமையல்காரிகள் முடியில் போடும் வலையைக்கூடக் கழற்றாமல் அம்மா போய் அவர் வாசலில் நின்று கத்தினாள். "அவ்வளவு கோவம்னா நீயே வந்து சுடேன்" என்றார் அவர். கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் லாரி ஓட்டும் என் அப்பா ஆசைப்பட்டு வாங்கி, இரண்டே முறை சுட்டுவிட்டு அலமாரிக்குள் சாத்தி வைத்த ஏர்கன் ஒன்று, காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, வீட்டில் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை அம்மா அதைத் தூக்கிக்கொண்டு பண்ணையில் போய் நின்றாள். அன்றிலிருந்து வியாழக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, ரொட்டியும் சீஸும்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு அனுமதி என்று பேர். 'என் நிலத்தில் நீ சுடலாம்' என்று ஒரு பண்ணைக்காரர் சொல்லும் வாய்ச்சொல், அவ்வளவுதான். அந்த வாய்ச்சொல்லுக்காக ஆண்கள் வருடக்கணக்காகக் கதவு தட்டுகிறார்கள், வேலி கட்டிக் கொடுக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு விஸ்கி பாட்டில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கிடைத்தது ஒரு நொடியில் போய்விடவும் செய்யும். கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் போதும். அம்மா தன் அனுமதியை நான் பாஸ்போர்ட்டைக் காப்பதைவிடக் கவனமாகக் காத்து வந்தாள்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. போன வருடம் முட்டைக்கு முத்திரை கொடுக்கும் ஆய்வாளர் வந்தபோது, முட்டை அடுக்கும் அறையின் வாசலில் எலிப்புழுக்கையைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருந்தார். இந்த வருட ஆய்வு டிசம்பர் பதினொன்று.

"அன்னிக்கு ஒரு புழுக்கை இருந்தாலும் மருந்து வைக்கிற கம்பெனியக் கூப்பிட்டுடுவேன் கிளெண்டா" என்று ஹெஸ்லப் சொல்லிவிட்டார். "அவங்க வந்தா பண்ணைக்குள்ள வேற யாரும் சுடக் கூடாதாம். ஒப்பந்தத்துலயே போட்டிருக்கான். நான் என்ன பண்ண?"

எலிகள் அம்மாவின் சிவப்பு விளக்கைக் கண்டாலே மறைந்துவிடுகின்றன என்பதுதான் சிக்கல். ஏர்கன்காரர்கள் காலம் காலமாக விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி போட்டுத்தான் எலி சுடுவார்கள். சிவப்பு எலிக்குத் தெரியாது என்று நம்பிக்கை. அதனால்தான் இந்த டிஜிட்டல் ஸ்கோப். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்து, அது படுவதை உள்ளே ஒரு குட்டித் திரையில் கறுப்பு வெள்ளையாகக் காட்டும்.

துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ராய்ஸ்டன் பொறுமைசாலி. முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எவ்வளவு தூரத்துல சுடுவீங்க கிளெண்டா?"

கடையில் வேறு நான்கு ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் எங்கள் ஊர் துப்பாக்கி கிளப்பின் செயலாளன். அம்மா ஒரு கணம் அவர்களைப் பார்த்தாள்.

"முப்பது, முப்பத்தஞ்சு கெஜம் இருக்கும்" என்றாள்.

செயலாளன் மரியாதையாகத் தலையாட்டினான். இந்தப் பொய்யை நான் அப்போதே பிடித்திருந்தால் ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும்.

முப்பத்தைந்து கெஜத்துக்கு ஏற்ற மாதிரி ராய்ஸ்டன் கொடுத்தது, அவளுடைய பழைய ஸ்கோப்பின் பின்னால் செருகும் ஒரு பெட்டி. அது துப்பாக்கியின் பின்பக்கத்தை ஒரு சாண் நீட்டிவிட்டது. அம்மாவுக்குக் குட்டைக் கை. கன்னத்தைக் கட்டையில் வைத்தால் பெட்டி நெற்றியில் இடிக்கிறது. தலையைப் பின்னுக்கு இழுத்தால் கன்னம் கட்டையை விட்டுப் போகிறது. நான்கு நாள் பட்டுவிட்டு, நெற்றியில் வட்டமாக ஒரு தழும்புடன் திருப்பிக் கொடுத்தாள். பள்ளியில் பிள்ளைகள் கேட்டதற்கு சூப் பாத்திரம் இடித்துவிட்டது என்று சொன்னாளாம்.

இரண்டாவது, பழைய ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே பூட்டுகிற முழு ஸ்கோப். அகச்சிவப்பு விளக்கும் அதிலேயே உண்டு. விலை அதிகம், பெருமையும் அதிகம். ஆனால் அதன் மிகக் குறைந்த உருப்பெருக்கமே ஆறு மடங்கு. முதல் வியாழக்கிழமை பண்ணையிலிருந்து திரும்பியவள் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"பூரா மயிருதான் தெரியுது பெத். திரை முழுக்க மயிரு. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் வாலுன்னே புரியல."

"எவ்வளவு தூரத்துல?"

"என்ன எவ்வளவு தூரம்?"

"எலிக்கும் உனக்கும் நடுவுல."

"அது இருக்கும், ஏதோ ஒரு தூரம்."

மறுநாள் நானே பண்ணைக்குப் போனேன். கோழிக் கொட்டகைக்கும் முட்டை அறைக்கும் நடுவே பழைய கல் தொழுவம் ஒன்று இருக்கிறது. முட்டை அட்டைகளும் தீவன மூட்டைகளும் அடுக்கியிருக்கும். கூரைக்கடியில் ஒரு ஜோடி கூகை ஆந்தைகள் குடியிருக்கின்றன. மருந்து தின்ற எலியை அவை தின்றால் செத்துப்போகும் என்பது அம்மாவின் இன்னொரு கவலை. அம்மா உட்காரும் இடத்திலிருந்து எலி வரும் இடம் வரை காலால் அளந்தேன். பதினோரு எட்டு. ஓர் எட்டு ஒரு கெஜம்.

"பதினொண்ணு" என்றேன் வீட்டுக்கு வந்து. "முப்பத்தஞ்சு இல்ல. பதினொண்ணு."

"உன் காலு நீளம்."

"அம்மா!"

"அந்த ஆளுங்க முன்னாடி பத்து கெஜத்துல சுடுறேன்னு சொல்லச் சொல்றியா? அதுக்குத் துடப்பமே போதும்னு சொல்லுவானுங்க."

மூன்றாவது முறை ராய்ஸ்டனிடம் நான்தான் பேசினேன். அம்மா காரை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். பதினோரு கெஜம் என்று கேட்டதும் ராய்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதத்தானே கண்ணு நான் முதல் நாளே கேட்டேன்?"

இரண்டரை மடங்கிலிருந்து தொடங்கி, கிட்டத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அகச்சிவப்பு விளக்கு இதில் தனியாகக் கழற்றி மாட்டுவது. எடையும் விலையும் இரண்டாவதைவிடக் குறைவு. நவம்பர் நடுவில் அது அம்மாவின் துப்பாக்கியில் ஏறியது.

ஸ்கோப்பைப் பூட்டிவிட்டால் மட்டும் ஆகாது. திரையில் தெரியும் சிலுவைக் கோடும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி திருத்த வேண்டும். அம்மா அதைத் தோட்டத்தில், துணி காயப்போடும் கம்பத்தில் அட்டை கட்டி, இருபத்தைந்து கெஜத்தில் செய்தாள். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். தொழுவத்துக்குப் போய்ச் சுட்டால் ஒவ்வொரு குண்டும் இரண்டு விரல் கீழே. ஸ்கோப் மேலே உட்கார்ந்திருக்கிறது, குழல் கீழே இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் குண்டு இன்னும் கோட்டுக்கு ஏறி வந்திருக்காது. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். "எனக்குத் தெரியாதா?" என்றாள். தெரிந்தவள் ஏன் தோட்டத்தில் செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நவம்பர் அதிலேயே போயிருக்கும். தொழுவத்திலேயே வைக்கோல் கட்டின் முன் அட்டையை நிறுத்தி, பதினோரு எட்டில் மறுபடி திருத்தினோம். ஐந்து குண்டும் ஒரே பொத்தலில் போயின. அதை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். என் அம்மா நன்றாகச் சுடுவாள்.

எலி வரவில்லை.

மாலை நாலரைக்கே இருட்டிவிடும் காலம். பள்ளி வேலை முடித்து, ஐந்து மணிக்குத் தொழுவத்தில் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்தால் ஏழு வரை. கடலை வெண்ணெய் தடவிய செங்கல் பதினோரு எட்டில். வியாழன் என்றில்லாமல் அடுத்தடுத்து மூன்று மாலை. ஒரு மீசைகூடத் தெரியவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் செங்கல் சுத்தமாக நக்கப்பட்டிருந்தது.

"உன் ஸ்கோப்புல கோளாறு" என்றாள்.

"என் ஸ்கோப்பா?"

"நீதானே வாங்கினே."

நான்காவது மாலை, செங்கல்லில் கடலை வெண்ணெய் போதவில்லை என்று என்னை அனுப்பினாள். துப்பாக்கியிலிருந்து குண்டு எடுத்தாயிற்றா என்று கேட்டேன். எடுத்துக் கையில் காட்டினாள். நான் குனிந்து தடவிவிட்டு நிமிர்ந்து அவள் பக்கம் பார்த்தேன். கும்மிருட்டில், அவள் இருக்கும் இடத்தில், அணைகிற சிகரெட் முனை போல மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு.

"அம்மா, நீ தெரியுறே."

"என்ன உளர்றே? அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

"வெளிச்சம் தெரியல. விளக்கு தெரியுது. சிவப்பா."

அவளை என் இடத்தில் நிறுத்திவிட்டு நான் கூடை மேல் உட்கார்ந்து காட்டினேன். அவளுடைய பூட்ஸ் இடமும் வலமும் நகர்வது கேட்டது.

"கொஞ்சூண்டு சிவப்புதானே" என்றாள் கடைசியில்.

"இருபத்திரண்டு வருஷமா இதே இடத்துல உக்காந்து சிவப்பு விளக்கப் போட்டு, போட்டவுடனே ஒண்ணச் சுட்டு... சிவப்புன்னா ஓடணும்னு இந்தப் பண்ணை எலிக்கெல்லாம் நீதான்மா பாடம் எடுத்திருக்கே."

"அப்ப இருந்த எலி ஒண்ணும் இப்ப உயிரோட இல்ல."

"எப்படி இருக்கும்? ஓடத் தெரிஞ்சதோட பிள்ளைங்கதான் மிச்சம்."

மறுபடி ராய்ஸ்டன். இந்த மாதிரி விளக்கிலேயே இன்னொரு வகை இருக்கிறது, கொஞ்சம்கூடச் சிவக்காது. ஆனால் வெளிச்சம் பாதி தூரம்தான் போகும். முப்பத்தைந்து கெஜம் சுடுகிறவர்கள் வாங்க மாட்டார்கள் என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

அந்த விளக்கை வாங்கி மாட்டியதும் வெளிச்சம் குறைந்ததால் கூடையை முன்னுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. வடக்கு வாசல் பக்கம், முட்டை அட்டைகளின் மறைவில், ஏழு எட்டில். சிலுவைக் கோட்டையும் அதற்கேற்ப மறுபடி திருத்தினோம். அந்த இடத்திலிருந்து தொழுவத்தின் இடது மூலை தெரியும். அந்த மூலைப் பக்கம் அம்மா ஒருநாளும் விளக்கை அடித்ததில்லை. அது பூனையின் மூலை. பூனை இருக்கும் பக்கம் துப்பாக்கியைத் திருப்ப மாட்டாள்.

பூனையின் பேர் மேஜர். ஒற்றைக் கண். ஹெஸ்லப்பின் உயிர். மேஜர் மட்டும் இல்லையென்றால் எலிகள் தன்னையே தின்றிருக்கும் என்று முடிவெட்டும் கடையிலிருந்து சர்ச் வரைக்கும் சொல்லி வைத்திருப்பவர்.

டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை. துப்பாக்கியில் குண்டு போடவில்லை. பூனை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். "துப்பாக்கிய டார்ச் மாதிரி திருப்பக் கூடாது" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, குண்டுகளை என் கோட்டுப் பையில் போடச் சொல்லிவிட்டு, அம்மா ஸ்கோப்பை மெல்ல மூலைக்குத் திருப்பினாள்.

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துப்பாக்கியை என்னிடம் நீட்டினாள்.

திரையில் மூலை சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது. தரையில் ஒரு பெரிய எனாமல் கிண்ணம். அதைச் சுற்றி ஜோடி ஜோடியாக வெள்ளைப் புள்ளிகள். எலிக் கண்கள். பதினொன்று வரை எண்ணினேன், அதற்கு மேல் அசைந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு மேலே, மூட்டையின் மீது, ஒரே ஒரு பெரிய புள்ளி. மேஜர். முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். ஒரு குட்டி எலி அவன் வாலை மிதித்துக்கொண்டு கிண்ணத்துக்கு இறங்கியது. அவன் வாலை நகர்த்தி வழிவிட்டான்.

கிண்ணத்தில் இருந்தது உடைந்த முட்டை. விற்க முடியாத கீறல் முட்டைகளை ஹெஸ்லப் தினமும் சாயந்தரம் மேஜருக்கு என்று ஊற்றி வைக்கிறார். ஒரு பூனைக்கு இரண்டு லிட்டர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் சொன்னேன்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடு. கிண்ணத்த எடுத்தா எலி போயிடும்."

"சொல்ல முடியாது."

"ஏன்?"

"அனுமதி குடுத்தவன் பண்ணையில குறை சொல்லக் கூடாது பெத். கேட்ட சாத்தணும், வாயையும் சாத்தணும். கிளப்புல இருக்குற பொட்டர் இப்படித்தான், தனக்கு அனுமதி குடுத்தவங்க பண்ணையில கன்னுக்குட்டி இளைச்சிருக்குன்னு சொல்லிப்புட்டு, பதினாலு வருஷ அனுமதிய விட்டுட்டு வந்தான். இது அதவிட மோசம். கன்னுக்குட்டி இல்ல, மேஜர்."

"ஆறு நாளுதான் இருக்கு. சொல்லலேன்னாலும் அனுமதி போகும், சொன்னாலும் போகும். சொல்லித்தான் தொலையேன்!"

"உனக்கென்ன, ஜனவரியில விமானம் ஏறிடுவே. வியாழக்கிழமை நான் எங்க போறது? உங்கப்பாவோட உக்காந்து டிவி பாக்கவா?"

 கியரை மாற்றி, வீட்டுத் திருப்பத்தில் காரைத் திருப்பினேன்.

மறுநாள் மாலை ஹெஸ்லப் தானே தொழுவத்துக்கு வந்தார். ஆய்வு நெருங்குகிறது, எத்தனை விழுந்தது என்று கேட்க வந்திருப்பார். சுட்ட எலிகளை கேட்டின் ஓரம் வரிசையாகப் போட்டு வைப்பது வழக்கம். இரண்டு வாரமாக அங்கே எதுவும் இல்லை.

"ஒண்ணும் நடக்கலபோல கிளெண்டா?"

"புது ஸ்கோப் டக். பழகிட்டிருக்கேன்." அம்மா குண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினாள். "நீ ஒரு தடவ பாரேன். வெறும் துப்பாக்கிதான். பகல் மாதிரி தெரியும்."

"எனக்கு எதுக்கு இந்த சினிமா?"

"சும்மா பாரு. மேஜர் கூட அழகாத் தெரியுறான்."

அவர் கூடை மேல் உட்கார்ந்தார். அம்மா குழலைப் பிடித்து மூலைக்குத் திருப்பி வைத்துவிட்டு, நகர்ந்து வந்து கையுறையைச் சரி செய்யத் தொடங்கினாள். ஒரு கையுறையைச் சரி செய்ய அவ்வளவு நேரம் ஆகாது. எனக்கு அவர் காதருகே போய்க் கத்த வேண்டும் போல இருந்தது. அம்மா என் காலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

ஹெஸ்லப் நெடுநேரம் பார்த்தார். 

"மேஜர் சாப்பிடலையே" என்றார்.

"பசி இருக்காது" என்றாள் அம்மா.

இன்னும் கொஞ்சம் பார்த்தார்.

"அந்தக் கிண்ணத்த யாரு அங்க வச்சது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் பூட்ஸ் அழுத்தியது.

"எனக்கென்ன தெரியும் டக்."

"டோரீனாத்தான் இருக்கும்" என்றார் ஹெஸ்லப். டோரீன் அவர் மனைவி. "எத்தன தடவ சொல்லியிருக்கேன். கேக்க மாட்டா."

"இருக்கும், இருக்கும்."

எழுந்து, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருட்டில் தடவித் தடவி மூலைக்குப் போய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். மேஜர் பின்னாலேயே ஓடினான்.

அதற்குப் பிறகு நடந்தது எளிது. கிண்ணம் இல்லாத எலிகளுக்குச் செங்கல் மேல் இருந்த கடலை வெண்ணெய் ஞாபகம் வந்தது. சிவப்புப் பொட்டும் இல்லை. ஏழு எட்டில், இரண்டரை மடங்கில், தலை எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரிந்தது. நான்கு மாலையில் இருபத்தாறு. கேட்டின் ஓரம் வால்களை ஒரே பக்கமாக வைத்து அடுக்கினாள். முட்டை அறை வாசலை நானும் அவளும் மண்டி போட்டுத் துடைத்தோம். அம்மா பள்ளியில் பாத்திரம் துடைக்கிற வெறியோடு துடைத்தாள்.

பதினொன்றாம் தேதி மதியம், பள்ளிச் சமையலறையின் பின்வாசலுக்கு ஹெஸ்லப் நேரில் வந்தார். நான் அன்று அம்மாவுக்கு உதவியாகத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு புழுக்கை இல்ல. ஆய்வுக்கு வந்தவன் பேனா எடுக்காமலே போயிட்டான்" என்றார். "மருந்துக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ எப்பவும்போல வா."

"சரி டக்" என்றாள் அம்மா, மசிக்கும் கரண்டியை நிறுத்தாமல். ஆனால் அன்று பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு இரண்டு கரண்டி விழுந்தது.

அந்த வாரமே ஊர் முழுக்கச் செய்தி பரவியது. தன் பண்ணையைக் காப்பாற்றியது மேஜர்தான், ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அத்தனையையும் துடைத்துவிட்டான் என்று ஹெஸ்லப் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் ராய்ஸ்டன் அதை என்னிடம் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"நல்ல பூனை" என்றாள் அம்மா.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வழக்கமான விஸ்கி பாட்டிலோடு ஒரு டப்பா மத்தி மீனும் வாங்கி, என் கையில் கொடுத்து அனுப்பினாள். பாட்டில் ஹெஸ்லப்புக்கு, மத்தி மேஜருக்கு. அம்மாவின் பெருமையைக் கொள்ளையடித்தவனுக்குப் பரிசு கொண்டுபோகிறேன் என்று வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன்.

டோரீன் கதவைத் திறந்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டாள். மத்தி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெத், உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் குரலைத் தாழ்த்தி. "தொழுவத்துல முட்டைக் கிண்ணம் வச்சது நான்தான்னு இவரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு. நான் அந்தப் பக்கம் போயே ஆறு வருஷம் ஆகுது. யாருடி வச்சது?"

அவளுக்குப் பின்னால், அடுப்பருகே நாற்காலியில், ஹெஸ்லப் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் மடியில் மேஜர். தாள் அசையவே இல்லை.

"எனக்கென்ன தெரியும்" என்றேன். "வியாழக்கிழமை அம்மா அஞ்சு மணிக்கு வருவா. சொல்லச் சொன்னா."